பின்னணிச் சத்தம்

ரக்ஷிதா மேடம், புல்லாங்குழலில் வெறும் காற்றுச் சத்தம் போய் உருப்படியாக ஒரு ஸ்வரம் வருவதற்கே எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. அதை வைத்துப் பார்த்தால், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு யோசனை சொல்ல நான் சரியான ஆள் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். என் மூச்சு எப்படி நீண்டது, சுருதி எப்படி நின்றது என்று அடுத்த வகுப்பில் அவர்களுக்குச் சொல்லச் சொல்கிறீர்கள். எல்லார் முன்னாலும் சொல்ல எனக்கு வாய் வராது. உங்களிடம் சொல்கிறேன். இதில் எதை எடுத்து அவர்களுக்குக் கொடுப்பது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங் பிரிவில் இருக்கிறேன். வரிசையாக வருகிற பாகங்களில் கீறல், கோணல் இருந்தால் ஒதுக்கிவைப்பது வேலை. பல வருடம் அதையே செய்ததில் நல்லதாக இருப்பது எதுவும் என் கண்ணில் படுவதில்லை. பழுதுதான் படும். சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினாலும் சொல்லாமல் இருக்க மாட்டேன். "இவனுக்குப் பொண்ணு குடுத்தா மறுநாளே ரிஜெக்ட்டுன்னு திருப்பி அனுப்பிச்சிடுவான்" என்று அக்கா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அக்கா பெயர் செங்கமலம். எங்கள் ஊர் நாகலாபுரம். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபிறகு என்னைக் கூட்டிக்கொண்டு சித்தூருக்கு வந்தவள் அவள்தான். பலமனேர் போகிற ரோட்டில் கிரானைட் கல் அறுத்துப் பாலிஷ் போடுகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் புருவம் வெள்ளையாக இருக்கும். நான் டிப்ளமா முடித்து வேலைக்குப் போகிறவரை அந்த வேலையை விடவில்லை. அவள் விட்டபோது தூசி அவளை விடவில்லை. நுரையீரல் கல் மாதிரி இறுகிவிட்டது, இனி சரியாகாது, பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்று டாக்டர் தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று திருப்பதிக்கு வீடு மாற்றினோம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற மிஷின் ஒன்று அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தது.

உங்கள் வீடியோவை முதலில் பார்த்தவள் அக்காதான். நான் வேலை முடிந்து வந்து போனையே முறைத்துக்கொண்டு கிடப்பேன். ஒரு நாள் போனைப் பிடுங்கி எதையோ தள்ளிக்கொண்டே போனவள் உங்களிடம் நின்றுவிட்டாள். "இந்தப் பொண்ணுக்கு எம்மாம் மூச்சு பார்றா" என்றாள். நீங்கள் ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அது முடிகிறவரை அவள் இமைக்கவில்லை. மறுவாரமே என்னை உங்கள் ஆன்லைன் வகுப்பில் சேர வைத்தாள். வீட்டில் மூச்சு இருக்கிற ஒருத்தனாவது அதை ஒழுங்காகச் செலவு பண்ணட்டும் என்று காரணம் சொன்னாள்.

வீட்டில் இரண்டு அறை. முன்னறை ரோட்டுப் பக்கம். திருமலைக்குப் போகிற வண்டிகளின் ஹாரன் ஓயாது, நெட்வொர்க்கும் நிற்காது. அக்காவின் அறைதான் வசதி. அவள் கட்டிலில், நான் எதிரே பாயில். ஜன்னலை மூடி, காற்று குழலில் அடிக்கக்கூடாது என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு உட்காருவேன். அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்பாள். முதல் சில மாதம் நான் ஊதியதைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கோயில் கட்டலாம்.

நீங்கள் ஒரு நாள் செட்டிங்கை மாற்றச் சொன்னீர்கள், நினைவிருக்கும். பின்னணிச் சத்தத்தை ஆப் தானாகவே அமுக்கிவிடுகிறது, நீண்ட ஸ்வரத்தையும் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடுகிறது, அதனால் உள்ளது உள்ளபடி போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். வைத்தேன். அடுத்து என் முறை வந்ததும் பாதியில் நிறுத்தச் சொன்னீர்கள்.

"உதயா சார், பின்னாடி ஏதோ மிஷின் ஓடுதா? அந்த ரீங்காரம் உங்க சுருதிக்குக் கொஞ்சம் கீழ நிக்குது. உங்க ஸ்வரமும் அது கூடவே எறங்குது பாருங்க. அதை நிறுத்தாம உங்களுக்குச் சுருதி நிக்காது."

நீங்கள் சொன்னது சரிதான். எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. பழுது கண்டுபிடிக்கிறவன் நான். என் பக்கத்திலேயே உட்கார்ந்து என் காதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்துக்கொண்டிருந்த பழுது எனக்குத் தெரியாமல் போயிருந்தது. அன்றிலிருந்து அந்த மிஷின் சத்தம் எனக்குத் தாங்கவில்லை. சாப்பிடும்போதுகூட அது கொஞ்சம் கீழே நிற்பதுதான் கேட்டது.

அணைக்கச் சொன்னதும் அக்காதான். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. "உன் முறை வர்றப்போ அணைச்சிக்கடா. கொஞ்ச நேரத்துல எனக்கு ஒண்ணும் ஆவாது. முடியலன்னா டம்ளரைத் தட்டுறேன், போட்டுடு" என்றாள். அவள் தண்ணீர் குடிக்கிற எவர்சில்வர் டம்ளர் தலைமாட்டு ஸ்டூலில் எப்போதும் இருக்கும். ஸ்பூனால் அதைத் தட்டிக் காட்டினாள். பள்ளிக்கூட மணி மாதிரி இருந்தது, இரண்டு பேரும் சிரித்தோம். பிளக்கைப் பிடுங்கினாலோ கரண்டு போனாலோ மிஷின் கீச்சென்று கத்தும். பொத்தானை அழுத்தி அணைத்தால் சத்தம் போடாமல் அடங்கும்.

முதலில் என் முறைக்கு மட்டும் அணைத்தேன். அடுத்து, மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்கும்போதும் காது சுத்தமாக இருக்க வேண்டும் என்று பட்டது. அதற்கடுத்து, தனியாக உட்கார்ந்து செய்கிற சாதகத்துக்கும். அக்கா தட்டினால் போட்டுவிடுவேன், அவள் முகம் தெளிந்ததும் மறுபடி அணைப்பேன். ஒரு முறைகூட அவள் தட்டி நான் போடாமல் இருந்ததில்லை, அந்தக் கடைசி நாள்வரை.

நீங்கள் கேட்ட மூச்சு விஷயம் இங்கேதான் வருகிறது. அக்கா தட்டுகிறவரை ஒரே ஸ்வரத்தை எத்தனை தடவை இழுக்க முடிகிறது என்று விளையாட்டாகப் பார்க்க ஆரம்பித்தேன். நடுவில் தட்டிவிட்டால் ஸ்வரத்தை அறுக்காமல், இருக்கிற மூச்சை முழுக்க ஊதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அறுத்தால் பழக்கம் கெட்டுவிடும். அவள் காத்திருப்பாள். அவள் காத்திருக்கிறாள் என்று தெரிந்தால் உதரவிதானம் தானாக இறுகுகிறது, காற்று நூல் மாதிரி மெலிந்து போகிறது, சிந்துவதே இல்லை. வேறு எந்தப் பயிற்சியிலும் எனக்கு அது வரவில்லை. அந்த மாதக் கடைசியில்தான் ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிற என் கார்வை வகுப்பிலேயே நீளமானது என்று சொல்லி, எல்லாரையும் கேட்க வைத்தீர்கள். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை வேலை கிடைத்த நாளில்கூட நான் அனுபவித்ததில்லை.

அக்காவின் நகங்கள் நீலம் பாய்ந்திருப்பதைக் கவனித்தேன். உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்ததையும் கவனித்தேன். கவனிப்பதில் நான் குறை வைப்பதில்லை. மிஷினைச் சர்வீஸ் செய்ய வருகிற ரவி ஒரு நாள் அவளைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணா, சத்தம்தான் தொந்தரவுன்னா நீட்டு டியூபு வாங்கி மிஷினை முன் ரூமுல வெச்சிடுங்கோ. கதவைச் சாத்திக்கினா ஒண்ணும் கேக்காது. கீழ மெடிக்கல்லயே கீது."

சரி என்றேன். அந்த மெடிக்கல் கடையைத் தாண்டித்தான் தினமும் கம்பெனி பஸ்ஸுக்குப் போகிறேன். வாசலிலேயே டியூப் சுருள் சுருளாகத் தொங்கிக்கொண்டிருக்கும். நான் வாங்கவில்லை. மறந்துபோய்விட்டது என்று அக்காவிடம் சொன்னேன், என்னிடமும் சொல்லிக்கொண்டேன். மேடம், அது மறக்கிற விஷயம் இல்லை. மிஷின் முன்னறைக்குப் போனால் டம்ளருக்கு வேலை இல்லை. டம்ளர் இல்லாமல் என் மூச்சு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சாதாரண மூச்சு.

சித்திரை மாதத்தில் ஆன்லைன் கச்சேரி வைத்தீர்கள். மாணவர்களின் வீட்டார் எல்லாரும் பார்க்கிற நிகழ்ச்சி, கடைசியில் நான். ஒத்திகையில் என் வாசிப்புக்கு நடுவே அக்கா தட்டினாள். எல்லாம் பிரமாதம், அந்த டங் சத்தம் மட்டும் வேண்டாம் என்றீர்கள். நீங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. உங்களுக்கு அது ஏதோ சமையலறைப் பாத்திரம்.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமைக் காலையில். அக்கா தலை வாரிக்கொண்டு, கேமராவில் தெரியமாட்டாள் என்று தெரிந்தும் நல்ல புடவை கட்டிக்கொண்டாள். என் முறை வந்தபோது பொத்தானை அழுத்திவிட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தேன். அவள் ஸ்டூலைத் துழாவினாள்.

"டம்ளர் எங்கடா?"

"கழுவ எடுத்தேன்க்கா. உள்ள இருக்குது."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கல் கம்பெனியிலிருந்து வந்து, நான் சாப்பிட்டேனா இல்லையா என்று முகத்தை வைத்தே கண்டுபிடிப்பாளே, அந்தப் பார்வை. "சரி, ஊது" என்றாள்.

ஊதினேன். சுருதியில் மனம் நிற்க வேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். மூடிக்கொண்டேன். நடுவில் ஒரு முறை திறந்தபோது அவள் வாய் திறந்திருந்தது. கை மெத்தையில் அடித்துக்கொண்டிருந்தது. மறுபடி மூடிக்கொண்டேன். முடித்ததும் திரையில் எல்லாரும் கைதட்டினார்கள். நேரம் இருக்கிறது, அந்தக் கடைசிப் பகுதியை இன்னொரு தடவை வாசிக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும் என்றேன். வாசித்தேன். அந்த இரண்டாவது தடவைதான் நன்றாக வந்தது, இல்லையா.

பிறகுதான் மிஷினைப் போட்டேன். அவள் மூக்கில் குழாயைச் சரிசெய்து வைத்தேன். அது அவள் மூக்கருகே காற்றை ஊதிக்கொண்டே இருந்தது, அவள் இழுக்கவில்லை.

கரண்டு போய்விட்டது என்று சொன்னேன். கோடையில் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. நாகலாபுரத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள், பாவம் கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தாள் என்றார்கள். என்னை மாதிரித் தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று என் தலையைத் தடவினார்கள். கீழ்வீட்டு மஞ்சு மட்டும், கரண்டு போனால் மிஷின் கத்துமே, அன்றைக்குக் கேட்கவில்லையே என்றாள். தூங்கியிருப்பாய் என்றேன். இருக்கும் என்று ஒப்புக்கொண்டாள்.

இப்போது வீடு சுத்தமாக இருக்கிறது. மிஷினை ரவி எடுத்துப்போய்விட்டான். ஆனால் மேடம், குழலை எடுத்தால் என் ஸ்வரம் பழையபடி இறங்கி, அந்த மிஷின் நின்ற இடத்திலேயே போய் நிற்கிறது. மூச்சும் பாதிக்கு வந்துவிட்டது. யார் காத்திருக்கிறார்கள், நீட்டிப் பிடிப்பதற்கு? இனி இது சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. சரியாக வேண்டும் என்றும் இல்லை. வகுப்புக்கு இனி வரமாட்டேன். இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், நான் இந்த வீட்டில்தான் இருப்பேன்.

அந்தக் கச்சேரிப் பதிவை நீங்கள் குழுவில் போட்டிருந்தீர்கள். தினமும் கேட்கிறேன். என் குழலைத் தவிர அதில் ஒரு சத்தமும் இல்லை. அக்கா படுத்திருந்தது இரும்புக் கட்டில். டம்ளர் இல்லாவிட்டால் என்ன, கையில் வளையல் இருந்தது, ஓங்கிக் கம்பியில் தட்டியிருந்தால் பதிவில் விழுந்திருக்கும், நான் எழுந்திருப்பேன். அவள் தட்டவில்லை, தம்பியின் வாசிப்பு கெடக்கூடாது என்று மெத்தையிலேயே அடித்துக்கொண்டாள், அவ்வளவு பாசம். இத்தனை நாளாக இப்படித்தான் நினைத்து அழுதுகொண்டிருந்தேன். உங்களுக்காக எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி வரும்போதுதான் அந்தக் காலையை முதலிலிருந்து நினைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. டம்ளரை உள்ளே வைத்துவிட்டு வந்தபோது, அவள் வளையல்கள் கண்ணில் பட்டன. பீரோவிலிருந்து அவளுடைய பழைய கம்பளிச் சால்வையை எடுத்து, அந்தச் சித்திரை வெயிலில், கட்டில் கம்பி முழுவதும் இறுக்கமாகச் சுற்றியது நான்தான்.