“புரிஞ்சுது” அண்ணனும் எரியாத டெஸ்டரும்

அவைக்கு அழகாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அள்ளிக் கொடுத்தும் அலுக்காத பேராசிரியப் பெருமக்களே! பெற்ற பிள்ளை இன்னும் எத்தனை காலம்தான் படிக்குமோ என்ற கேள்வியை நெஞ்சுக்குள் பூட்டிவைத்துவிட்டு, முகத்தில் புன்னகையோடு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! மின்பொறியியலில் முதுநிலைப் பட்டம் படிக்க முதல் அடி எடுத்து வைக்கும் என் தம்பிகளே, தங்கைகளே! பேச்சுக்கு நடுவே இந்த ஒலிபெருக்கி உயிரைவிட்டுவிடாமல் காத்து நிற்கும் நண்பரே! அனைவருக்கும் என் வணக்கம்.

இதே துறையில் படித்து, இன்று ஒரு துணைமின் நிலையத்தில் பொறியாளராக வேலை செய்பவள் நான். எப்படிப் படிப்பது என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். அதோ, ஒரு தம்பி கொட்டாவியைக் கையால் மறைக்கிறார். மறைக்க வேண்டாம் தம்பி, தாராளமாக விடுங்கள். அதிகாலையில் எழு, அட்டவணை போடு, கைப்பேசியை அணை என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு கதை சொல்லப் போகிறேன். அது ஓர் உயிரைப் பற்றிய கதை.

எங்கள் வகுப்பில் ஒருவர் இருந்தார். மனைவி, மகள் என்று குடும்பமான பிறகு, பார்த்த வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அண்ணன். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘புரிஞ்சுது’ அண்ணன். பேராசிரியர் பலகையில் பாதி எழுதும்போதே “புரிஞ்சுது சார்” என்பார். புத்தகத்தில் தீர்த்துவைத்த கணக்கை விரலால் தடவிக்கொண்டே போவார், முடிவில் “புரிஞ்சுது” என்பார். பொய் சொன்னாரா? இல்லை. புரிந்ததாகத்தான் அவருக்குத் தோன்றியது. அடுத்தவர் போட்டுவைத்த பாதையில் நடக்கும்போது யாருக்குத்தான் வழி தெரியாது?

முதல் பருவத் தேர்வு வந்தது. மின் அமைப்பின் நிலைத்தன்மை என்ற பாடத்தில் அண்ணன் தோற்றார். இன்னொரு முறை தோற்றால் இடம் போய்விடும். விட்ட வேலை திரும்பக் கிடைக்காது. மருத்துவமனையில் செவிலியராக இருந்த அண்ணியின் உழைப்பில்தான் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் என்ன செய்தார்? முன்பு படித்த முறையிலேயே இன்னும் அதிகமாகப் படித்தார். கோடு போட்ட வரிகளுக்கு மேலேயே மறுபடியும் கோடு போட்டார். புத்தகம் மஞ்சளாகி, பச்சையாகி, மயிலிறகு மாதிரி ஆனது. ஆள்தான் அப்படியே இருந்தார்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் அன்று சிரித்தோம். எங்கள் சிரிப்பு எங்கே நின்றது தெரியுமா?

இயந்திர ஆய்வகத்தில் நின்றது. நானும் அவரும் ஒரே குழு. மோட்டாருக்கு மின்சாரம் தரும் இரும்புப் பெட்டியைத் திறந்து, இணைப்பை மாற்ற வேண்டும். அண்ணன் சுவிட்சை அணைத்தார். டெஸ்டரை எடுத்து உள்ளே இருந்த செப்புப் பட்டையில் வைத்தார். மின்சாரம் இருந்தால் எரிய வேண்டிய சின்னச் சிவப்பு விளக்கு எரியவில்லை.

“பாத்தியா தங்கச்சி, கரண்ட் இல்ல” என்றபடி கையை நீட்டினார்.

“அண்ணா, இருங்க. டெஸ்டரை முதல்ல டெஸ்ட் பண்ணணும். செய்முறைத் தாள்ல போட்டிருக்கு.”

“அதான் எரியலையே! இதுக்கு மேல என்ன பண்ணணும்?”

“பண்ணலன்னா மேடம் மார்க்கைக் குறைச்சிடுவாங்கண்ணா. ஒரு தடவை, எனக்காக.”

அறிவால் சொன்னேன் என்று எண்ணிவிடாதீர்கள். மதிப்பெண் போய்விடுமே என்ற பயத்தில் சொன்னேன். சலித்துக்கொண்டே அண்ணன் திரும்பினார். பக்கத்து மேசையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த பலகையில், மின்சாரம் இருக்கிறது என்று கண்ணுக்கே தெரிந்த துளையில், டெஸ்டரை வைத்தார்.

விளக்கு எரியவில்லை.

தாய்மார்களே, டெஸ்டர் செத்திருந்தது! வேறொரு டெஸ்டரைக் கொண்டுவந்து அதே செப்புப் பட்டையில் வைத்தோம். சிவப்பாக எரிந்தது. அந்தப் பெட்டிக்கு இரண்டு வழியாக மின்சாரம் வந்துகொண்டிருந்தது. அண்ணன் அடைத்தது ஒரு வழியைத்தான். அவர் கை நீட்டிய இடத்தில் முழு மின்சாரமும் மூச்சுக் காட்டாமல் இருந்தது.

அண்ணன் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் அவர் வீடு வரைக்கும் போனேன். சலவைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்த அண்ணியிடம் நடந்ததைச் சொன்னோம். அண்ணி தீக்காயப் பிரிவில் வேலை செய்பவர். மடித்த துணியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்:

“கரண்ட் அடிச்சு எங்க வார்டுக்கு வர்றவங்க எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்றாங்க. ‘ஆஃப் பண்ணிட்டேன் சிஸ்டர்’னு. பேச முடிஞ்சவங்க சொல்றாங்க.”

அந்தச் சொல் என்னை இன்றுவரை விடவில்லை. அணைத்துவிட்டேன் என்று நம்பிய கைகள்! தெரியும் என்று நம்பிய கைகள்! புரிந்தது என்று நம்பிய கைகள்!

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “என் மண்டைக்குள்ளயும் ஒரு டெஸ்டர் இருக்கு. எதைக் காட்டினாலும் புரிஞ்சுதுன்னு சொல்லுது. அது உசுரோட இருக்கான்னு நான் ஒருநாளும் பாத்ததில்ல.”

“அப்ப இன்னிக்கே பாருங்க” என்றார் அண்ணி. “அடுத்து என்ன பரீட்சையோ அதை எனக்குச் சொல்லிக் குடுங்க. புத்தகத்தை இப்படிக் குடுத்துடுங்க.”

அண்ணன் தொடங்கினார். மின்கம்பி ஒன்று அறுந்தால் ஜெனரேட்டரின் வேகம் கூடும் என்றார். சமன்பாட்டை மளமளவென்று ஒப்பித்தார்.

அண்ணி கேட்டார்: “ஏன் கூடுது? கரண்ட் போறது குறைஞ்சா மெதுவாத்தானே சுத்தணும்?”

அண்ணன் அதே சமன்பாட்டை மறுபடியும் ஒப்பித்தார். சமன்பாடு இருந்தது, காரணம் இல்லை. எனக்கும் தெரியவில்லை, அதனால் நான் மெல்ல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். ஒரு வெற்றுத் தாளை எடுத்துப் படம் போட்டு, அடித்து, மறுபடி போட்டு, கடைசியில் அண்ணன் சொன்னார்: “உள்ள தள்ற சக்தி அப்படியே இருக்கு. வெளிய போற வழி குறைஞ்சு போச்சு. மிச்சமாகுற சக்தி எங்க போகும்? சுழற்சியிலதான் ஏறும்.”

அன்றுதான் அவர் படிக்க ஆரம்பித்தார் என்பேன். அதன்பின் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதுவார். எழுதியபின் திறந்து பார்ப்பார். தவறு தெரிந்தால் முகம் மலர்வார், மண்டைக்குள் இருந்த டெஸ்டரின் விளக்கு எரிந்துவிட்டதே! இன்று போட்ட கணக்கைச் சில நாள் மறக்கவிட்டு, மறுபடி வெறுந்தாளில் போட்டுப் பார்ப்பார். பக்கங்கள் குறைந்தன, பயன் பெருகியது.

மறுதேர்வு வந்தது. நினைவிலிருந்து ஒரு சூத்திரத்தை எழுதினார். கேட்ட கணக்கை உடனே போடவில்லை. விடை முன்பே தெரிந்த ஓர் எளிய கணக்கை அதில் முதலில் போட்டுப் பார்த்தார். தவறான விடை வந்தது. கழித்தல் குறி நிற்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி நின்றிருந்தது. கருவி செத்திருந்தது! திருத்தினார். எளிய கணக்கைத் திரும்பப் போட்டு, விடை சரியானதும் கேட்ட கணக்குக்குப் போனார். தேறினார்!

கைதட்டலுக்கு நன்றி. இப்போது கேட்கிறேன். புரிந்ததா?

ஆகா, மண்டபமே அதிர்கிறது! “புரிந்தது” என்று எத்தனை குரல்கள்! மன்னித்துக்கொள்ளுங்கள், ஒருவரையும் நான் நம்பவில்லை.

யாரது, பின்வரிசையில் கை தூக்குவது? எழுந்து நில்லுங்கள் தங்கையே. கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்... “அக்கா, எனக்கு ஒரு இடம் புரியல. ஆய்வகத்துல கம்பியைத் தொடுறதுக்கு முன்னாடி மூணு தடவை பாக்கணும்னு இங்க குடுத்த தாள்ல எழுதிப் போட்டிருக்காங்க. டெஸ்டரைப் பாத்துட்டு, கம்பியைப் பாத்துட்டு, மறுபடியும் டெஸ்டரை ஏன் பாக்கணும்? அதான் நல்லா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே?”

இவ்வளவு பேர் ‘புரிந்தது’ என்று முழங்கிய மண்டபத்தில் ‘புரியவில்லை’ என்று எழுந்து நிற்க எவ்வளவு துணிவு வேண்டும்! தங்கையே, உங்களுக்கு என் தனி வணக்கம். விடையை அண்ணனே சொல்லட்டும்.

தேர்வு முடிவு வந்த நாள். நாங்கள் தாழ்வாரத்தில் குதித்துக் கூத்தாடிக்கொண்டிருந்தோம். அண்ணனைக் காணவில்லை. தேடிப் போனேன். ஆளில்லாத வகுப்பறையில், தேறிய அதே பாடத்தின் அதே கணக்கை, கரும்பலகையில் முதலிலிருந்து போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னண்ணா இது? அதான் பாஸாயிட்டீங்களே!”

சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமலே திரும்பினார். “பாஸானது அன்னிக்கு இருந்த நான், தங்கச்சி. நாளைக்குக் கம்பியில கை வைக்கப் போறது இன்னிக்கு இருக்கிற நான். நடுவுல டெஸ்டர் செத்திருந்தா?”

முதலில் எரிந்த டெஸ்டர், கம்பியில் வைத்தபோதும் உயிரோடுதான் இருந்ததா என்று பார்க்கத்தான் தங்கையே மூன்றாவது முறை. தேர்வில் பாதி விடைக்குப் பாதி மதிப்பெண் உண்டு. மின்சாரத்திடம் அது உண்டா? தேர்வில் தோற்றால் மறுதேர்வு உண்டு. மின்சாரத்திடம் உண்டா? நீங்கள் கணக்கிட்டது சரி என்று நம்பித்தான் யாரோ ஒருவர் கம்பத்தில் ஏறுவார். அவர் திரும்பி வருவார் என்று நம்பித்தான் ஒரு வீடு கதவைத் திறந்துவைத்திருக்கும். நீங்கள் படிக்கும் படிப்பு அந்தக் கதவு வரைக்கும் போகிறது!

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், நடுவே அழாத குழந்தைகளுக்கும், கடைசிவரை உயிரோடிருந்த ஒலிபெருக்கிக்கும் நன்றி. கைதட்டலைச் சற்றே நிறுத்தி வையுங்கள் தம்பிகளே, தங்கைகளே. வீட்டுக்குப் போய் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, இன்று நான் சொன்னதை எழுதிப் பாருங்கள். எழுத வந்தால், அங்கிருந்தே தட்டுங்கள். எனக்குக் கேட்கும். வணக்கம்.