தண்ணி சிந்தாத கை

ஹலோ... ஹலோ, தையலு? நான்தான்மா, கண்ணாடிக்கடை அக்கா. நம்ம அம்மாக்கள் குரூப்... யாரு? பாப்பாவா? அம்மா எங்க கண்ணு?... தூங்குறாங்களா. மணி பதினொண்ணு ஆகப்போகுதே.

ஆமா... ஆமா ஆமா, தம்ளர் வீடியோ வந்துச்சு. அதைப் பார்த்துட்டுதான் கூப்பிடுறேன். அனுப்பினது யாரு?... அம்மாவா. சரி... ஒரு நிமிஷம் சார், அந்த ஃப்ரேமையும் போட்டுப் பாருங்க, வந்துடறேன்.

பாப்பா, உனக்கே தெரியும். குரூப்ல நாங்க முகம் காட்டுறதில்ல, பேர் சொல்றதில்ல, தையலு, கண்ணாடிக்கடைன்னு தொழிலை வெச்சுத்தான் கூப்பிட்டுக்குவோம். விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தின தம்ளரை நீட்டிப் பிடிச்சுக் காட்டணும். சிந்தலைன்னா அன்னிக்கு எல்லாரும் கைதட்டுவோம், குடிக்காம இருந்துட்டான்னு. அதனால எனக்கு ஒவ்வொருத்தி கையும் அத்துப்படி. உங்கம்மா கட்டைவிரல்ல இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இருக்குமே... இன்னிக்கு இல்லையே கண்ணு.

அழாத. அழாதடா, திட்டமாட்டேன். சத்தியமா. உன் கைதானே?... எத்தனை நாளா?... எத்தனை?... ஒன்பதா!

ஐயோ கடவுளே.

இல்ல இல்ல, உன்னைச் சொல்லல. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். ஒன்பது நாளும் முதல் ஆளா கைதட்டினவ நான்தான். ஒரு சொட்டு சிந்தலையேன்னு பூரிச்சுப் போனேன். பத்து வயசுப் பிள்ளை கை எதுக்கு நடுங்கும்? எங்க எல்லார் கண்ணும் தண்ணி மேலயே இருந்துச்சு, கையை ஒருத்தியும் பார்க்கல. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறேன், எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு.

ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?... என்னது? வீடியோ வரலைன்னா ஆள் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களா? அம்மா சொன்னாங்களா?... நீயா நினைச்சுக்கிட்டியா. அட என் தங்கமே. போன் பண்ணுவோம், அவ்வளவுதான். இப்போ பண்ணினேன் பாரு, அது மட்டும்தான்.

என் பொண்ணும் இப்படித்தான். அம்மாவுக்குத் தலைவலின்னு ஸ்கூல்ல சொல்லி, வீட்டு ஓனர்கிட்ட சொல்லி... நான் பாட்டிலைத் தொட்டு நாலு வருஷமாச்சு. அவ இன்னும் என்கிட்ட பேசல. 'அம்மா தூங்குறாங்க'ன்னு அப்போ அவ சொன்ன குரல் மட்டும் தினம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. இப்போ நீ போன் எடுத்ததும் சொன்னியே, அச்சு அசல் அதே குரல்.

சரி, போய் எழுப்பு. போனை வைக்காத... எழுந்திரிக்கலையா? உலுக்கு. நல்லா உலுக்குடா... பக்கத்துல என்ன கிடக்கு?... பாட்டில். ம். அப்புறம்?... மாத்திரை அட்டையா? அதுல எத்தனை காலி?... எல்லாமேவா.

மேனேஜர் அண்ணே! ஓடி வாங்க! உங்க போன்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க... வியாபாரம் கிடக்கட்டும்ணே, கூப்பிடுங்க!

பாப்பா, அட்ரஸ் சொல்லு. ரெண்டு வருஷமா தினம் உங்கம்மா கையைப் பார்க்குறேன், வீடு எங்கன்னு தெரியாது பாரு எனக்கு... பஸ் டெப்போ பின்னாடி... ஆங்... பதினாலாம் நம்பர். மாடியா? அண்ணே, டெப்போ பின்தெரு, பதினாலு, மாடின்னு சொல்லுங்க!

மூச்சு இருக்கா? நெஞ்சைப் பாரு, ஏறி இறங்குதா?... மெதுவாவா. இருக்குல்ல, இருக்குல்ல? ஒருக்களிச்சுப் படுக்க வை. முட்டியை மடக்கி விடு, புரண்டுடாம. தண்ணி கொடுக்காத, ஒரு வாய்கூட வேண்டாம். ஓடிப்போய்க் கதவைத் திறந்து வெச்சுட்டு வா... வந்துட்டியா? கெட்டிக்காரி.

இப்போ அம்மா கையைப் பிடி. அந்தத் தழும்புக் கை... சில்லுன்னு இருக்கா? இருக்கட்டும், தேய்ச்சு விடு. கூப்பிட்டுக்கிட்டே இரு, அம்மா அம்மான்னு... என்ன?... நடுங்குதா? நல்லாப் பாரு கண்ணு, அவங்க கை நடுங்குதா, உன் கையா?... ரெண்டுமா.

நடுங்கட்டும். நடுங்கட்டும்டா செல்லம், இன்னிக்கு யாரும் ஒண்ணும் கேட்கமாட்டோம். விடாம பிடிச்சுக்கோ... என்ன சத்தம்? வண்டியா? படியேறி வர்றாங்களா?... பாப்பா, போனை மட்டும் வைக்காத, அவங்ககிட்ட கொடு, நான் பேசறேன்... பாப்பா?... ஹலோ?

ஹலோ?