எஞ்சினை ஓடவிட்டுத்தான் பாக்கணும்

சரிம்மா, மெதுவாவே பேசறேன். பாருங்க, ஸ்பேனரைக்கூடச் சத்தமில்லாம துணி மேலதான் வெச்சிருக்கேன். வெல்டரையும் கொஞ்ச நேரம் வெளிய போய் நில்லுய்யான்னு அனுப்பிட்டேன். பின்சீட்ல குழந்தை தூங்குதுன்னு எனக்கும் தெரியுது. ஆனா எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலே பாத்துச் சொல்லுங்கன்னா மட்டும் என்னால முடியாது. வேற எது வேணா கேளுங்க.

புரியுதும்மா. காய்ச்சல்ல ராத்திரி பூரா அழுதுட்டு இப்பதான் கண்ணசந்துருக்கு, தூக்கினா முழிச்சிக்கும். அங்க மலைமேல உங்க அம்மாவுக்கு உடம்பு முடியல. சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரணும். எல்லாம் சரி. நான் ஒண்ணும் பிடிவாதத்துக்குப் பேசல. சரி, பிடிவாதம்னே வெச்சுக்கங்க. எங்க வீட்டுக்காரியும் அப்படித்தான் சொல்லுவா.

இங்க வாங்க, குனிஞ்சு பாருங்க. நீங்க வந்து நிறுத்தினதுலேர்ந்து இந்த அட்டையை வண்டிக்கு அடியில விரிச்சு வெச்சிருக்கேன். ஒரு சொட்டு விழுந்திருக்கா? இல்லல்ல. ஆனா நீங்க ஓட்டிட்டு வரும்போது வழியெல்லாம் கோலம் போட்டுட்டு வந்திருக்கீங்க. வாசல்லயே பாத்தேன். அப்படின்னா என்ன அர்த்தம்? வண்டி ஓடும்போது மட்டும்தான் ஒழுகுது. நிறுத்தினா நல்ல பிள்ளையாட்டம் நின்னுக்குது. இந்த மாதிரி ஒழுகல்தான் ஆளை ஏமாத்தும்.

யாரு, எஞ்சின் ஆயில்னு சொன்னாரா? உங்க வீட்டுப் பக்கத்து மெக்கானிக்கா? நல்ல மனுஷனா இருப்பார், ஆனா அவசரக்காரர். இந்த வெள்ளைப் பேப்பர்ல தொட்டு வெச்சிருக்கேன் பாருங்க. எஞ்சின் ஆயில்னா கறுப்பா நிக்கும். இது காப்பி கலர்ல இருக்கு, ஓரத்துல லேசா சிவப்பு ஓடுது. கியர்பாக்ஸ் ஆயில். புதுசுல ரத்தச் சிவப்பா இருக்கும். பதினெட்டு வருஷத்து வண்டி, எத்தனை வருஷமா மாத்தாம ஓட்டினீங்களோ, கறுத்துப் போச்சு. அவர் என்ன பண்ணியிருக்கார், எஞ்சினுக்கு ஆயிலை ஊத்திட்டு, கியர்பாக்ஸ் அடித்தட்டுல இருக்கிற போல்ட்டையெல்லாம் முறுக்கித் தள்ளியிருக்கார். நடுவுல ஒழுகாம இருக்க வெக்கிற கேஸ்கெட் நசுங்கிப் பிதுங்கி நிக்குது. ஒழுகினா முறுக்கு. எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம். நானும் பண்ணியிருக்கேன்.

சிரிக்காதீங்க, அது முகத்துக்குப் போடற பவுடர்தான். அடியில எல்லாத்தையும் பெட்ரோல் போட்டுத் துடைச்சு, காயவிட்டு, பவுடரைத் தூவிட்டேன். இப்ப எஞ்சின் ஓடுச்சுன்னா, எங்க கசியுதோ அந்த இடம் மட்டும் ஈரமாகும். சொட்டு விழற இடம் வேற, கசியற இடம் வேறம்மா. முன்னாடி கசியும், காத்து அதைப் பின்னாடி தள்ளிட்டுப் போகும். மாசத்துக்கு ரெண்டு டப்பா வாங்கறேன். யாருக்கு வாங்கறீங்கன்னு கல்யாணமான புதுசுல வீட்ல ஒரு பஞ்சாயத்தே நடந்துச்சு. கடைக்கே வந்து வண்டிக்கு அடியில எட்டிப் பாத்தப்புறம்தான் அவளுக்கு நிம்மதி.

என் சந்தேகமெல்லாம், இதோ, இந்த ரப்பர் குழாய்மேலதான். ஆயிலை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆறவெச்சுத் திருப்பிக் கொண்டு வருது. நகத்தால அழுத்தினா வெடிப்பு தெரியுது பாருங்க. பம்ப் ஓடி அழுத்தம் ஏறும்போது வாயைத் திறக்கும், நின்னா மூடிக்கும். குழாய் இருக்கு எங்கிட்ட, அரை மணி நேர வேலை. ஆனா மாத்தினப்புறமும் ஸ்டார்ட் பண்ணிப் பாக்காம அனுப்ப மாட்டேன்.

கியர்பாக்ஸ்ல ஆயில் அளவு பாக்கற குச்சியை உருவிப் பாத்தேன்தான். ஆமா, ஃபுல்லுதான் காட்டுது. நீங்க எட்டிப் பாத்துட்டீங்கன்னு தெரியும், அதான் நின்னு வாதம் பண்றீங்க. அது பொய்ம்மா. அந்தக் குச்சி பொய் சொல்லும். மோட்டார் ஓடாதப்ப கிணத்தை எட்டிப் பாத்தா தண்ணி நிறையத்தானே தெரியும், அந்தக் கதைதான். எஞ்சின் நின்னா மேல இருக்கிற ஆயிலெல்லாம் தட்டுல வந்து இறங்கிடும். சூடு பண்ணி, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, லிவரை எல்லா கியருக்கும் ஒரு சுத்து கொண்டுபோய் வெச்சு, எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கும்போது உருவினாத்தான் அது நிஜம். இந்த மாதிரி ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அதுதான் முறை. இதை எனக்கு யாரும் சொல்லித் தராம இல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரியும்.

சாவியா? என் சட்டைப் பையில இருக்கு. குடுக்கறதா இல்ல. கோவிச்சுக்குங்க, பரவாயில்ல. ஊர்ல எனக்குக் கிறுக்கன்னுதான் பேரு, நீங்களும் சேர்ந்து சொல்லிக்கங்க.

உக்காருங்கம்மா. அந்த டயர் மேல உக்காருங்க, சுத்தமாத்தான் இருக்கு.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. அவகிட்டயும் இதே மாதிரி பழைய வண்டி. அண்ணா, கீழ சிவப்பா சொட்டுது, ஒரு எட்டு பாத்துடுங்கன்னு வந்து நின்னா. மச்சான் பக்கத்துல உக்காந்திருந்தார். அவங்களும் மலைக்குத்தான் போய்ட்டிருந்தாங்க, மச்சானுக்கு அங்க புதுசா வேலை. நான் அடியில படுத்து நாலு போல்ட்டை முறுக்கினேன். குச்சியை உருவினேன். ஃபுல்லா இருந்துச்சு. ஒண்ணும் இல்ல, தாராளமா போங்கன்னு பானட்டைத் தட்டி அனுப்பி வெச்சேன்.

ஏன் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலன்னுதானே கேக்கறீங்க. பின்சீட்ல குழந்தை தூங்கிட்டிருந்துச்சு. இப்பதாண்ணா தூங்குச்சு, எழுப்பிடாதீங்கன்னா. அவ கேட்டு நான் எதையும் இல்லன்னு சொன்னதில்லம்மா.

மேல ஒரு வளைவுல கியர் பிடிக்காம போயிருக்கு. எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நகரல, பின்னாடி உருள ஆரம்பிச்சிருக்கு. கீழேர்ந்து லாரி வந்துடுச்சு.

வண்டியைப் பாக்க நான்தான் போனேன். போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தியிருந்தாங்க. பானட் மட்டும்தான் முழுசா இருந்துச்சு, பின்பக்கத்துல ஒரு பாதியே இல்ல, லாரி மோதி உருண்டதுல முன்சீட்டுக்கு மேல கூரை அப்பளமா நொறுங்கியிருந்துச்சு. பானட்டைத் தூக்கி முதல் வேலையா அந்தக் குச்சியை உருவினேன். காஞ்சு கிடந்துச்சு. அதை என்னத்துக்கு சட்டையில துடைச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. துடைக்க ஒண்ணுமே இல்ல அதுல. துடைச்சுட்டு திரும்பச் சொருகிட்டு, பானட்டை மூடிட்டு வந்துட்டேன். யாரும் என்னை எதுவும் கேக்கல. லாரிக்காரர் மேல கேஸ் எழுதினாங்க. ரெண்டு வருஷம் உள்ள இருந்துட்டு வந்தார். ஒருநாள் இந்த ரோட்டுல நடந்து போனார். நான் வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டேன். வேலை ஒண்ணும் இல்ல, சும்மாதான் படுத்திருந்தேன். அவர் போய் ரொம்ப நேரம் கழிச்சும் வெளிய வர மனசு வரல. எங்க வீட்டுக்காரிக்குக்கூட இது தெரியாதும்மா. உங்களுக்கு எதுக்குச் சொல்றேன்னு தெரியல.

அந்தக் குழந்தையா? பொழைச்சிக்கிச்சு. அது எப்படின்னு கேக்காதீங்க, டாக்டருக்கே தெரியல. எங்ககிட்டதான் வளருது, இப்ப ஏழாங்கிளாஸ் படிக்குது. அம்மா அப்பா மூஞ்சி ஞாபகம் இல்லன்னு சொல்லும். நல்லாத்தான் இருக்கு, நல்லா சாப்பிடும், வாயாடும், படுத்த உடனே தூங்கிடும், வீட்ல.

நீங்க ஏறி முன்சீட்ல உக்காந்து பிரேக்கை மட்டும் மிதிச்சுக்கங்க. ஒரு பத்து நிமிஷம். முழிச்சுக்கிட்டா நான் தூக்கி வெச்சிக்கறேன், எனக்குப் பழக்கம்தான்.

வண்டியில மட்டும் எங்க பிள்ளை தூங்காதும்மா. எவ்வளவு தூரம் போனாலும் சரி. கண்ணு சொருகும், தலை ஆடும், உலுக்கிக்கிட்டு நிமிர்ந்து உக்காந்துக்கும். தூங்குடா கண்ணு, மாமா ஓட்டறேன்லன்னு சொல்லுவேன். பரவாயில்ல மாமா, நீங்க ஓட்டுங்க, நான் பாத்துக்கறேன்னு சொல்லும்.