ஷெரின் ரூமுக்கு எடுத்த பச்சை

பெயிண்ட் கலரை அட்டையில பார்த்து முடிவு பண்ணக் கூடாதுங்க சார். சுவத்துல பூசிப் பார்க்கணும். அதுக்குத்தான் இலுப்பூர்லேர்ந்து பெயிண்டர் கவியரசனை வரச்சொல்லி, எம் மக ஷெரின் ரூம்ல ரெண்டு கலரையும் பக்கத்துல பக்கத்துல பூசச் சொன்னேன். ஒண்ணு சாம்பல் பூத்த பச்சை. இன்னொண்ணு சாம்பல்ல மணலைக் கலந்த மாதிரி. காலை வெளிச்சத்துல பச்சை குளுமையா இருந்துச்சு, மத்தது வெதுவெதுப்பா. டியூப்லைட்டைப் போட்டா வித்தியாசமே தெரியல.

"ஒனக்கு எதும்மா பிடிச்சிருக்கு?"

"எதுவா இருந்தா என்னப்பா? நான்தான் அயர்லாந்து போறேனே. நீங்க பாத்து அடிங்க."

நர்ஸ் வேலை, விசா வந்துருச்சு. "போயி ஒங்களையும் கூப்பிட்டுக்கிறேன்"னா. அவ அம்மா போனப்புறம் வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். கூப்பிடுவான்னு எனக்குத் தோணல.

அவ அம்மாவோட சுகர் மாத்திரை மிச்சம் இருந்துச்சு. பொடிச்சுப் பால்ல கலந்தேன். கொஞ்சம் முடியாமப் படுத்தா பிளைட் போயிரும். அவ்வளவுதான் நெனச்சேன். காலையில தல சுத்துதுன்னா. கஞ்சியிலயும் கலந்தேன்.

கவியரசன் வந்து எட்டிப் பார்த்தான். "ஆண்ட்ரூஸ் அண்ணே, பாப்பாவுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது. காரு சொல்லவா?"

"நான் பாத்துக்கிறேன், நீ நாளைக்கு வா"ன்னு அனுப்பிட்டேன்.

சர்க்கரைத் தண்ணி குடுத்தா தெளிஞ்சிருவான்னு எனக்குத் தெரியும். அவ அம்மாவுக்கு எத்தனையோ தடவை கரைச்சுக் குடுத்திருக்கேன். தெளிஞ்சா எந்திரிச்சுப் பெட்டி அடுக்குவா. அதான் குடுக்கல. பக்கத்துல ஒக்காந்து தலையைத் தடவிக்கிட்டே இருந்தேன். தொடைக்கத் தொடைக்க வேர்த்துச்சு.

ஆவூர்ல அவ அம்மா பக்கத்துலயே அடக்கம் பண்ணியாச்சு. அப்புறம் கவியரசனைக் கூப்பிட்டுப் பச்சையவே அடிக்கச் சொன்னேன். அவன் என் மூஞ்சியப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டான். நேரா ஸ்டேஷனுக்கு ஒங்ககிட்டதான் வந்திருக்கான். நானே அடிச்சேன். நல்லா வந்திருக்கு, போயிப் பாருங்க.

அவ கேட்ட கலருதான் அது. கடைசியில பேச்சு வரல அவளுக்கு. எந்தக் கலரும்மான்னு மறுபடியும் கேட்டேன். கையத் தூக்கிப் பச்சைப் பக்கம் காட்டுனா. அதுக்குக் கீழ இருந்த மேசையில அவ போன் கெடந்துச்சுன்னு சொல்றீங்க. கெடந்துச்சுதான், நான் இல்லங்கல.

ஆனா சார், போகணும்னு நெனக்கிற புள்ள ரூமுக்குக் கலர் சொல்லுமா?