தோசைக்கடையில் கடைசி ஆள்

அமெரிக்காவில் மகன் இருக்கும் சன்னிவேலில் சனிக்கிழமை காலை என்றால் தோசைக்கடை வாசலில் வரிசை நீளும். மகனோடு நானும் நின்றேன். ரேஷன் கடை வரிசையெல்லாம் பார்த்தவள் நான். ஆனால் இப்படி ஒரு கேள்வியைக் காதால் கேட்டதில்லை. நிறைமாதப் பெண் ஒருத்தி வந்து, "இங்க கடைசி யாருங்க?" என்றாள்.

எனக்குப் பின்னால் நின்ற பச்சைச் சுடிதார்க்காரி, "நான்தான். ஏன்?" என்றாள்.

"அப்ப உங்களுக்கு அடுத்தது நான்." சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் குட்டைச் சுவரில் போய் உட்கார்ந்தாள்.

"ஹலோ, லைன்ல நிக்கலைன்னா எடம் போயிடும்!"

"போகாதுங்க. ஸ்பெயின்ல மூணு வருஷம் இருந்தோம். மார்க்கெட், டாக்டர், எங்க போனாலும் இதான் பழக்கம். கடைசி ஆள் மூஞ்சிய ஞாபகம் வெச்சுக்கிட்டாப் போதும். மொதல்ல நானும் நம்பாம நின்னுட்டே இருப்பேன். அங்க பாட்டிங்க எல்லாம் சிரிப்பாங்க."

"நம்ம ஆளுங்க அப்படியா? பேசாம முன்னாடி போங்க. உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"ஐயோ, பாவம் பாத்து விட வேண்டாம். என் முறையில வந்தாப் போதும். கால்தான் வலிக்குது, பசி வெயிட் பண்ணும்."

அதற்குள் ஒருவர் வந்து பச்சைச் சுடிதாருக்குப் பின்னால் நின்றுவிட்டார். போயிற்று இவள் இடம் என்று நினைத்தேன்.

பச்சைச் சுடிதார் திரும்பினாள். "சார், கடைசி நான் இல்ல, அதோ அவங்க. எனக்கு அடுத்தது அவங்க, அப்புறம்தான் நீங்க. ரெண்டு பேர் மூஞ்சியையும் நல்லா பாத்து வெச்சுக்கோங்க."

பிறகு சுவருக்குப் போனாள். "கொஞ்சம் நகருங்க. எனக்கும் கால் வலிக்குது."