விட்ட நேரம், அழைத்த நேரம்

ஆரணிக்கரை அறக்கட்டளையின் களப்பொறுப்பாளராக இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்து இன்று ஓய்வுபெறும் திருமதி சம்பூர்ணம் அம்மையாருக்கு உடன் உழைத்தோர் உள்ளன்போடு படைக்கும் பாராட்டு மடல்

அன்பின் அணிகலனே! அயர்வறியா அம்மையே! கும்மிடிப்பூண்டி ஆலைகளின் சங்கொலிக்கு முன்பே கண்விழித்து, கைக்குழந்தைகளின் காலைப்பொழுதைக் கண்ணெனக் காத்த காரிகையே!

நேருக்கு நேர் புகழ்ந்தால், "வேலையப் பாருங்கப்பா" என்று எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே சம்பூர்ணம் என்ற யாரோ ஒருவரின் கதைபோலச் சொல்கிறோம். உட்கார்ந்து கேளுங்கள்!

சம்பூர்ணம் நடத்திய குழந்தைக் காப்பகத்தின் வாசலில் ஒரு நோட்டு கிடக்கும். முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடும் தாய்மார்கள் பிள்ளையை விட்ட நேரத்தை அதில் எழுத வேண்டும். மதியம் திரும்பும்போது அழைத்த நேரத்தையும் எழுத வேண்டும். யார் கெஞ்சினாலும் விடமாட்டார். நாங்களே முணுமுணுத்திருக்கிறோம்.

காப்பகத்தில் முப்பது பிள்ளைகளுக்குத்தான் இடம். மற்ற பிள்ளைகள் பூட்டிய வீடுகளுக்குள் கிடந்தார்கள். அரசு அங்கன்வாடிகளை விடியற்காலையிலேயே திறக்கச் சொல்லித் திருவள்ளூர் மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார் சம்பூர்ணம். வழவழப்பான தாளில் குழந்தைகள் சிரிக்கும் நம் ஆண்டறிக்கையையும் கொண்டுபோனார். அங்கேதான் தவறினோம். அதிகாரி படங்களைப் பார்த்துப் பூரித்துப்போய், "நீங்களே சூப்பரா நடத்துறீங்களே மேடம், அப்புறம் நாங்க எதுக்கு?" என்றார். திரும்பும் வழியில், சென்ட்ரலில் ரயில் மாறியதும் சம்பூர்ணம் அந்த ஆண்டறிக்கையைப் பையின் அடியில் தள்ளிவிட்டார்.

அடுத்த முறை படங்கள் போகவில்லை; மூன்றாண்டு நோட்டுகள் போயின. அதிகாரி புரட்டினார். 5.32, 5.35, 5.40. "இந்த நேரத்துல நம்ம சென்டர்ல பூட்டுதானே மேடம் தொங்கும்," என்றார், குரல் இறங்கி. சில மாதங்களில் ஆணை வந்தது: நம் வட்டாரத்தில் பன்னிரண்டு அங்கன்வாடி மையங்கள் ஐந்தரைக்கே திறக்கும். அறக்கட்டளை பயிற்சி கொடுக்கும், தன் காப்பகத்தை மூடிவிடும்.

மூடுவது என்றதும் ஆலைத் தொழிலாளி ஈஸ்வரி கொதித்துப்போனார்.

"இன்னா மேடம், நீ பாட்டுக்கு மூடிக்கினு பூடுவ. அங்க தெறக்கலன்னா எம் பொண்ண எங்க உடுவேன்? வேல பூடும் மேடம்!"

"மொத நாள் நானே வாசல்ல நிக்கிறேன்மா," என்றார் சம்பூர்ணம்.

நின்றார். ஐந்தரை ஆயிற்று, பூட்டு தொங்கியது. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஈஸ்வரி மகள் கவிப்பிரியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சம்பூர்ணத்தையே பார்த்தார். அப்போதுதான் மையப் பணியாளர் மூச்சிரைக்க ஓடிவந்து கதவைத் திறந்தார். குழந்தை உள்ளே போனது. பழக்கதோஷத்தில் சம்பூர்ணம் தன் நோட்டை எடுத்து 5.38 என்று குறித்துக்கொண்டார்.

பிறகு நம் காப்பகத்துக்கு வந்து, காலித் தொட்டில்களுக்கு நடுவே நின்று அழுதார். நாங்களும் அழுதோம். பன்னிரண்டு மையங்களிலுமாக நானூறு பிள்ளைகளுக்குக் கதவு திறந்த நாள்தான் அது. ஆனாலும் அந்த முப்பது பிள்ளைகளின் இரைச்சலுக்கு இன்றும் காது ஏங்குகிறது.

அம்மையீர்! இனி எந்த அலாரமும் தங்களை எழுப்பாதிருக்கட்டும்! முழங்கால் வலி முற்றும் மறையட்டும்! நோயின்றி, நிறைவோடு நெடுங்காலம் வாழுங்கள்!

தங்கள் நோட்டின் வழக்கப்படியே இம்மடலை முடிக்கிறோம். பெயர்: சம்பூர்ணம். விட்ட நேரம்: இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், காலை 5.10. அழைத்த நேரம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை.

என்றும் தங்கள் அன்பு மறவா,
ஆரணிக்கரை அறக்கட்டளைப் பணியாளர்கள்,
கும்மிடிப்பூண்டி