முதல் ரெண்டு ஆல்பம்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய இரண்டு நண்பர்கள். சன்னலோரம் இருந்தவர் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினார்.

“மச்சான், முப்பது வருசமா என்னை ஏமாத்திட்ட.”

“என்னா சொல்ற?”

“நம்ம பேண்டுல வாசிச்சோமே, அந்த வெள்ளைக்கார ராக் கோஷ்டியோட பாட்டெல்லாம். அவங்களோட முதல் ரெண்டு ஆல்பத்த நேத்துதான் கேட்டேன். சப்புன்னு இருக்கும், கேக்காதேன்னு சொன்னியே. எல்லாம் மூணு நிமிசப் பாட்டு. கேட்டவுடனே வாயில ஒட்டிக்குது.”

“அது பாப்பு பாட்டு லா. அப்புறம் போட்டாங்களே இருபது நிமிசப் பாட்டு, அதான் சங்கீதம்.”

“அந்த இருபது நிமிசத்துல நான் பாடுனது ரெண்டு நிமிசம். மீதி உன் கித்தாரு. எஸ்டேட்டு கோயில் திருவிழாவுல சனமெல்லாம் எந்திரிச்சி கச்சாங் பூத்தே கடலை வாங்கித் தின்னப் போயிருச்சு.”

பேருந்து செமோர் ஊரைத் தாண்டியது. கித்தார்காரர் குரலைத் தாழ்த்தினார். “அந்த ரெண்டு ஆல்பமும் பாடுறவனுக்கு உள்ளது மச்சான். அத எடுத்திருந்தா என் கித்தார யாரு கேப்பா?”

“அப்ப தெரிஞ்சேதான் செஞ்சியா?”

“நல்ல பாட்டுங்கதான். லாரி ஓட்டுறப்ப இன்னிக்கும் அதத்தான் போடுறேன்.”

“அப்ப எதுக்கு என் கையில அந்தச் சலங்க வச்ச தம்புரினக் குடுத்து ஆட்டச் சொன்ன?”

“பதினெட்டு நிமிசம் நீ சும்மா நின்னா பாக்க நல்லா இருக்காது லா.”